அத்தியாயம் 7: திரையில் ஏறும் பட்டப்பெயர்

வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியட். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கம்ப்யூட்டர் லேபில் ஆளுக்கொரு சிஸ்டத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். 'ஒளி' பாடத்தைத் திருப்பிப் பார்க்க கஹூட் என்ற வினாடி வினாச் செயலியில் பத்துக் கேள்விகள் தயார். ஆட்டத்தில் நுழைவதற்கான பின் எண் திரையில் வந்தது. ஒவ்வொரு பெயராக மேலே ஏறத் தொடங்கியது: '29சி', 'கைப்புள்ள', 'நெட் இல்ல மிஸ்', 'மார்க் போடுங்க', 'பஜ்ஜி கடை'. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் பஸ்ஸின் எண்ணைப் பெயராக வைத்தவன் தினமும் அதில்தான் வருகிறான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வரிசையில் 'தார் டின்' என்றும் ஒரு பெயர் இருந்தது. மற்றவற்றைப் போல அதுவும் ஒரு விளையாட்டு என்று எண்ணி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். நான்காவது கேள்வி முடிந்தபோது அந்தப் பெயர் மூன்றாம் இடத்துக்கு வந்தது. கைதட்டல் எழுந்தது. எல்லாரும் திரையைப் பார்க்காமல் ஜன்னலோரம் இருந்த ஒரு மாணவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தன் சொந்தப் பெயரில் ஆடிக்கொண்டிருந்தாள். 'தார் டின்' என்பது ஏழாம் வகுப்பிலிருந்து அவள் நிறத்துக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர். மணி அடித்து எல்லாரும் வெளியேறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் முறைகள் எல்லாம் அந்த நாளுக்குப் பிறகு சேர்ந்தவை. அவற்றுக்கு அடிப்படை ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பெயர் யார்மேல் விழுகிறது? வைத்துக்கொண்டவர்மேலேயே விழுந்தால் அது விளையாட்டு. இன்னொருவர்மேல் விழுந்தால் அது அடி. ஆசிரியர் இந்த வேறுபாட்டைப் பத்து விநாடியில் கண்டுகொள்ளப் பழக வேண்டும்.

பிள்ளைகள் ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

வினாடி வினாச் செயலிகள் வகுப்புக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. நார்வேயில் உருவான கஹூட் 2013-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பெங்களூரில் வேர்கொண்ட குவிசிஸ் 2015-ல் தொடங்கி, 2025-ல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. புளூக்கெட், கிம்கிட் போன்றவை பிறகு சேர்ந்தன. இவை எல்லாவற்றிலும் மாணவர் முதலில் பார்ப்பது ஒரு காலிப் பெட்டி: உன் பெயர் என்ன? வருகைப் பதிவேட்டில் அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கிறது. இந்தப் பெட்டியில் மட்டும் தன் பெயரைத் தானே முடிவு செய்யலாம். பதினான்கு வயதில் அது பெரிய சுதந்திரம்.

குறும்புப் பெயருக்கும் வினாடி வினாவுக்கும் நம் ஊரில் பழைய உறவு உண்டு. ஆகஸ்ட் 15 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் நவீன் ஜெயகுமார் நடத்திவந்த லேண்ட்மார்க் வினாடி வினாவுக்குப் போனவர்களுக்கு அணிப் பெயர்கள் நினைவிருக்கும். படித்து வேலையில் இருந்த பெரியவர்களே சிலேடையும் கிண்டலுமாகப் பெயர் சூட்டிக்கொண்டு வருவார்கள். அரங்கு சிரித்துவிட்டுத்தான் முதல் கேள்விக்குத் தயாராகும். கேள்விக்கு முன் ஒரு சிரிப்பு, பதற்றத்தைக் கரைக்கும். நம் பிள்ளைகள் செய்வதும் அதுதான்.

அவர்களுக்குப் பெயர்கள் கிடைக்கும் ஊற்றும் தெரிந்ததே. வடிவேலுவின் பாத்திரங்கள்தான் முதல் இடம். 2003-ல் வந்த 'வின்னர்' படத்தின் கைப்புள்ளயை, அந்தப் படம் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் இன்று பெயராக வைக்கிறார்கள். 2001-ல் வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் காண்ட்ராக்டர் நேசமணி, 2019 மே மாதத்தில் திடீரென்று உலகம் முழுவதும் இணையத்தில் பேசப்பட்டார். அடுத்தது சாப்பாடு, பஸ், கிரிக்கெட், நடிகர்களின் பட்டங்கள். 2020-ல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு நடந்தபோது 'நெட் இல்ல' போன்ற பெயர்கள் வந்தன. கேள்வி கேட்கப்படாமல் தப்பிக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது.

இன்னொரு காரணத்தை நாம் எளிதில் தவறவிடுகிறோம். சில பிள்ளைகள் தோல்வியை மறைத்துக்கொள்ளப் பெயர் வைக்கிறார்கள். 'தூக்கம்' என்ற பெயரில் தோற்றால் தோற்றது தூக்கம்தான். தன் பெயர் கடைசியில் நிற்காது. இந்தப் பிள்ளைகளிடமிருந்து வேடிக்கைப் பெயரைப் பிடுங்கிவிட்டால் அடுத்த முறை பொத்தானை அழுத்தவே மாட்டார்கள்.

ஐந்து வகையாகப் பிரியுங்கள்

பெயர்கள் திரையில் வரும்போது மனத்துக்குள் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

1. சிரிப்புப் பெயர். 'பஜ்ஜி கடை', '29சி', 'கைப்புள்ள'. யாரையும் தொடாது. விட்டுவிடுங்கள்.

2. மறைவுப் பெயர். 'தூக்கம்', 'யாரோ', 'பெயில்'. இதில் 'பெயில்' போன்றதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் எதுவும் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளையோடு தனியாக இரண்டு நிமிடம் பேச வேண்டியிருக்கலாம்.

3. முகமூடிப் பெயர். வேறொரு மாணவர் பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ நுழைவது. கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் மதிப்பெண்ணும் பழியும் வேறொருவர் தலையில் விழும். அதனால் நீக்க வேண்டும்.

4. குத்துப் பெயர். நிறம், உடல் எடை, உயரம், திக்குவாய், கண்ணாடி, குடும்பத் தொழில், ஊர், மதம், சாதி, அப்பா அம்மாவின் பெயர், யாரோடு யாரைச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பது. உடனே நீக்கி, பிறகு பின்தொடர வேண்டும்.

5. தகாத சொல். நேரடியாகவோ எழுத்தைப் பிரித்தோ வரும் வசவு. உடனே நீக்க வேண்டும்.

நான்காவது வகையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்தச் சொல் வெளியாளுக்குச் சாதாரணமாகத் தெரியும். தார் டின் என்பது ஒரு பொருளின் பெயர்தானே! அதனால் திரையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பெயர் வந்ததும் வகுப்பின் கண்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பாருங்கள். தானே வைத்துக்கொண்ட வேடிக்கைப் பெயர் வந்தால் வைத்தவன் சிரிப்பான், மற்றவர்கள் அவனைப் பார்ப்பார்கள். குத்துப் பெயர் வந்தால் எல்லாரும் பார்க்கும் பிள்ளை மட்டும் சிரிக்காது.

சாதி பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றும், ஆசிரியர்கள் மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. கையில் கட்ட முடியாத கயிறு பெயர்ப் பெட்டியில் வரலாம். சாதித் தலைவர் பட்டமாகவோ, இரண்டு வண்ண எமோஜியாகவோ, பெயருக்குப் பின்னால் ஒட்டிய ஒரு சொல்லாகவோ அது இருக்கும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். பெருமையாக வைத்துக்கொண்டதாகவே இருந்தாலும் அது அருகில் இருக்கும் பிள்ளையின்மேல் விழும் பெயர். நீக்குங்கள்.

ஆட்டத்துக்கு முன்: ஐந்து நிமிடத் தயாரிப்பு

முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாளே விதியைப் பேசிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் விதி சொன்னால் அது தண்டனையாகத் தெரியும். பிள்ளைகளிடமே கேட்டுப் பலகையில் எழுதினால் இன்னும் நல்லது. நான் கேட்ட வகுப்புகளில் அவர்கள் சொன்ன விதிகள் என்னுடையவற்றைவிடக் கடுமையாக இருந்தன. முடிவில் மூன்று விதி போதும்: உன்மேல் மட்டும் பெயர் வை. உன் பாட்டி முன்னால் சொல்ல முடிந்த பெயரை வை. வரிசை எண்ணை முன்னால் போடு.

இந்த மூன்றாவது விதிதான் அதிகம் கைகொடுக்கிறது. '07 பஜ்ஜி கடை', '23 கைப்புள்ள' என்று வருகைப் பதிவு எண்ணை முன்னால் போடச் சொல்லுங்கள். ஒற்றை இலக்க எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வேண்டும். அப்போதுதான் பிறகு அறிக்கையை எக்செல்லில் திறக்கும்போது வரிசையாக அடுக்க முடியும். யார் எந்தக் கேள்வியில் தவறினார் என்பது உங்களுக்குத் தெரியும், வகுப்புக்குச் சட்டென்று தெரியாது. லேபில் வேறு எண்ணைப் போட்டு ஏமாற்றுவதாகத் தோன்றினால் வருகை எண்ணுக்குப் பதிலாக சிஸ்டம் நம்பரைப் போடச் சொல்லுங்கள். எந்த சிஸ்டத்தில் யார் உட்கார்ந்தார் என்பதை ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும்.

இந்த முறைக்கு இன்னொரு பலன் உண்டு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளையின் முழுப் பெயர், பிரிவு, பள்ளிப் பெயர் எல்லாவற்றையும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் தட்டவைப்பதைவிட '07 பஜ்ஜி கடை' பாதுகாப்பானது. பட்டப்பெயரைத் தடைசெய்து முழுப் பெயரைக் கட்டாயமாக்கும் பள்ளிகள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செயலியின் அமைப்பில் கவனிக்க வேண்டியவை:

• கஹூட்டில் பெயரைச் செயலியே உருவாக்கித் தரும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் மாணவர் தட்ட முடியாது. சுழற்றினால் வரும் ஆங்கிலப் பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொள்வார். குவிசிஸிலும் இதைப் போன்ற வசதி உண்டு. புதிய வகுப்பு, பிரச்சினை நடந்த வகுப்பு, தலைமையாசிரியர் பார்வையிட வரும் நாள் ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

• கஹூட்டின் காத்திருப்புத் திரையில் ஒரு பெயரின்மேல் கிளிக் செய்தால் அவர் வெளியேற்றப்படுவார். வீட்டில் ஒருமுறை பழகிப் பாருங்கள். வகுப்பில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

• எல்லாரும் வந்ததும் நுழைவைப் பூட்டுங்கள். பின் எண்ணை நண்பருக்கு அனுப்பி வேறு வகுப்பிலிருந்து நுழைய வைப்பதும் நடக்கிறது.

• முதல் இரண்டு நிமிடம் புரொஜெக்டரை மூடிவையுங்கள். பின் எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, பெயர்களை உங்கள் மடிக்கணினியில் மட்டும் பாருங்கள். சரிபார்த்த பிறகு பெரிய திரையில் காட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. செயலிகளில் தகாத சொல்லை வடிகட்டும் ஏற்பாடு இருந்தாலும் அது நன்றாக அறிந்தது ஆங்கிலத்தைத்தான். தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் தட்டினால் சல்லடை கண்டுகொள்ளாது. இரண்டு சாதாரணச் சொற்களைச் சேர்த்துவைத்து, வேகமாகப் படித்தால் மட்டும் வசவாகக் கேட்கும் பெயர்களும் வரும். ஆசிரியர் வாயால் அதைச் சொல்லவைப்பதுதான் அதன் நோக்கம். எனவே புதிய பெயரை மனத்துக்குள் ஒருமுறை படிக்காமல் உரக்கப் படிக்காதீர்கள். பொருள் புரியாத சொல் வந்தால் வகுப்பில் கேட்க வேண்டாம். நீக்கிவிட்டுப் பிறகு சக ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஆட்டத்தின்போது: என்ன சொல்வது

சிரிப்புப் பெயருக்கு ஒரு வரி பதில் போதும். சிரிக்காமல் கடந்துபோனால் அடுத்த முறை உங்கள் கவனத்துக்காகவே இன்னும் பெரிதாக எதையாவது வைப்பார்கள்.

"கைப்புள்ள வந்தாச்சா? சரிப்பா, இன்னிக்கு அடி வாங்காம ஜெயிச்சுக் காட்டு."

நீக்க வேண்டிய பெயருக்குக் குரல் உயராமல் சொல்லுங்கள். பெயரைத் திரும்ப உச்சரிக்கவே கூடாது. உச்சரித்தால் பார்க்காத பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிடும்.

"ஒரு பேரை எடுத்திருக்கேன். யாருன்னு இப்ப கேட்கப்போறதில்ல. வேற பேர்ல உள்ள வாங்க. முப்பது விநாடி இருக்கு."

இப்படிச் சொன்னால் திரும்பிவர வழி இருக்கிறது என்பது பிள்ளைக்குப் புரியும். திரும்பி வந்தால் ஆட விடுங்கள். இரண்டாவது முறையும் அதே மாதிரி வந்தால் வகுப்பு முழுவதற்கும் செயலி தரும் பெயர்களுக்கு மாறுங்கள். ஆட்டத்தையே நிறுத்திவிட்டு நாற்பது பேருக்கும் இம்போசிஷன் கொடுக்காதீர்கள். ஒருவர் செய்த தவறுக்கு எல்லாரும் அடிவாங்கினால், அந்தக் கோபம் பெயர் வைத்தவன்மேல் போகாது. பெயர் வைக்கப்பட்ட பிள்ளையின்மேல்தான் திரும்பும்.

உங்களுக்கே ஒரு பட்டப்பெயர் இருக்கும். ஒருநாள் அது திரையில் வரும். உங்கள் நடை, அடிக்கடி சொல்லும் சொல், பாடப் பொருள் இவற்றை வைத்ததாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். "இந்தப் பேர்ல வந்தவர் கண்டிப்பா முதல் மூணு இடத்துக்குள்ள வரணும், என் மானம் இருக்கு" என்றால் வகுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். ஆனால் உடல், ஊனம், சாதி, பாலினம் பற்றியதாக இருந்தால் உங்களுக்கும் அதே விதிதான். குறிப்பாக ஆசிரியைகள் ஆபாசப் பெயரைப் பொறுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. நீக்குங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆட்டம் முடிந்ததும் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவரிடம் மட்டும் காட்டுங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலும் பெற்றோர் குழுவிலும் போடாதீர்கள். வகுப்பில் முப்பது விநாடி இருந்த சொல் அங்கே பல வருடம் இருக்கும்.

ஆட்டத்துக்குப் பின்: இரண்டு உரையாடல்

முதல் உரையாடல் காயப்பட்ட பிள்ளையோடு. பெரும்பாலான ஆசிரியர்கள் குற்றவாளியைத் தேடுவதில் இதை மறந்துவிடுகிறார்கள். அன்றே பேசுங்கள், ஆனால் எல்லாரும் பார்க்கும்படி அழைக்காதீர்கள். நோட்டுகளை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவரச் சொல்வது போதும். "நான் பார்த்தேன். பார்த்தும் முதல்ல புரிஞ்சுக்கல. அது தப்பு" என்று தொடங்கினேன் அந்த மாணவியிடம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களும் சிரிச்சீங்க மிஸ்" என்றாள். நான் சிரித்தது வேறு பெயர்களுக்குத்தான். அவளுக்கு அந்த வேறுபாடு தெரிய வாய்ப்பே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பிள்ளை என்ன வேண்டும் என்கிறதோ அதைக் கேளுங்கள். சிலர் மன்னிப்பு வேண்டும் என்பார்கள். சிலர் இடம் மாற்றச் சொல்வார்கள். பலர் "விட்டுடுங்க மிஸ், இன்னும் ஜாஸ்தியாயிடும்" என்பார்கள். இந்தப் பயத்தை மதித்து, பெயர் சொல்லாமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள்.

இரண்டாவது உரையாடல் பெயர் வைத்தவனோடு. தனியாக, உட்காரவைத்து.

"அந்தப் பேர் நீ இன்னிக்கு வச்சதா, முன்னாடியே இருக்கறதா?"

"எல்லாரும் அப்படித்தான் மிஸ் கூப்பிடுவாங்க. ஜாலிக்குத்தான்."

"அவங்க வீட்ல அப்படிக் கூப்பிடுவாங்களா?"

"இல்ல மிஸ்."

"அவளே எப்பவாவது தன்னை அப்படிச் சொல்லிக்கிட்டிருக்காளா?"

பதில் இல்லை.

"அப்ப அது அவ பேர் இல்லப்பா. ரெண்டு வருஷமா தூக்கிட்டு நடக்கறா. நீ என்ன செய்யலாம்னு நாளைக்கு வந்து சொல்லு."

ஒரு நாள் அவகாசம் கொடுப்பது முக்கியம். அங்கேயே கேட்கும் மன்னிப்பு தப்பிப்பதற்காகச் சொல்லப்படுவது. வகுப்பு முன்னால் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கவைப்பதையும் தவிருங்கள். இரண்டு பிள்ளைகளுக்குமே அது அவமானம். 2009-ன் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17-ல், குழந்தைக்கு உடல் தண்டனையோ மனத் துன்புறுத்தலோ கூடாது என்கிறது. பெயர் வைத்தவனும் குழந்தைதான்.

ஒரே பிள்ளை மீண்டும் மீண்டும் குறிவைக்கப்பட்டால் விஷயம் ஒரு ஆசிரியரின் கையை மீறிவிட்டது என்று பொருள். சிபிஎஸ்இ பள்ளிகளில் துன்புறுத்தல் தடுப்புக் குழு இருக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உங்கள் பள்ளியில் அது யார் யார் என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் லேப் சுவரில் ஒட்டிவையுங்கள்.

தமிழில் தட்ட விடுங்கள்

பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் பெயர் தட்டுகிறார்கள். தமிழ் விசைப்பலகையை இயக்கிக் கொடுத்தால் இரண்டு நன்மை. வசவை ஒளித்துவைப்பது கடினமாகும், நீங்களும் பார்த்தவுடன் படித்துவிடுவீர்கள். கூடவே தமிழ்த் தட்டச்சும் பழகும்.

ஒரு சிக்கலும் உண்டு. கஹூட்டில் பெயருக்கு 15 குறிகள் வரைதான் இடம். 'செந்தமிழ்ச்செல்வி' நமக்கு ஒன்பது எழுத்து. கணினியோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். அதன் கணக்கில் அது பதினேழு. அந்தப் பெயருடைய பிள்ளை தன் சொந்தப் பெயரைத் தட்ட முடியாமல் தடுமாறுவாள். அதைச் சிரிப்பாக்க விடாதீர்கள். 'செல்வி' போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயரையே பாடமாக்குங்கள்

இதுவரை சொன்னது காயம் வராமல் காப்பது. பெயர் வைக்கும் ஆசையை நல்ல வழியில் செலுத்த நம்மிடம் ஈராயிரம் ஆண்டு முன்மாதிரி இருக்கிறது.

சங்கப் புலவர்களில் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் வந்த ஒரு தொடரே பெயராக நிலைத்துவிட்டது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் இருக்கிறார், அணிலாடு முன்றிலார் இருக்கிறார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார் இருக்கிறார்கள். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார். செம்மண்ணில் பெய்த மழை, முற்றத்தில் ஆடும் அணில், தேய்ந்த கயிறு. கேட்டால் வேடிக்கைப் பெயர்கள்தான். ஆனால் அவர்கள் உருவத்தைப் பார்த்து வைத்தவை அல்ல, அவர்கள் செய்த நல்ல காரியத்திலிருந்து வந்தவை. உ.வே.சாமிநாதையர் 1937-ல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தார். அவர் பெயரிலான நூல் நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. தென் சென்னைப் பள்ளிகளுக்கு ஒரு பஸ் தூரம்தான்.

இதை வைத்து நான் நடத்துவது 'சம்பாதித்த பெயர்' ஆட்டம். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அதைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டும். பெயர் போடாமல் பெட்டியில் போடுவார்கள். நான் உரக்கப் படிப்பேன். வகுப்புக்குப் பிடித்த தொடர்களைப் பலகையில் எழுதுவோம். அடுத்த வார ஆட்டத்தில் எழுதியவர் அந்தத் தொடரோடுதான் வருவார். அடையாற்றின் முகத்துவாரத்தில் மணல்மேடு சேர்ந்து ஆற்றைக் கடலோடு சேரவிடாமல் அடைப்பதைப் பற்றிப் பேசிய வாரம், ஒரு மாணவன் அதை மணல் கதவு என்று எழுதியிருந்தான். வகுப்பில் வாயே திறக்காத பையன். அந்த வருடம் முழுவதும் அவன் '31 மணல் கதவு'. மற்ற பிள்ளைகளும் வராந்தாவில் அப்படியே கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான்.

இதற்கு நேரம் இல்லாத வாரங்களில் சீட்டுக் குலுக்குங்கள். ஒரு கிண்ணத்தில் பாடத்தோடு சேர்ந்த பெயர்களை எழுதிப் போடலாம். தாவரவியல் வாரத்தில் 'நாகலிங்கம்', 'அடையாறு ஆலமரம்'. பறவைகள் பற்றிய வாரத்தில் 'பூநாரை', 'கொண்டலாத்தி'. வேதியியலுக்குத் தனிமங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

கருவி இல்லாத வகுப்புக்கு

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பல பள்ளிகள் மாணவர் செல்போனை அனுமதிப்பதில்லை. மாநகராட்சிப் பள்ளிகளில் லேப் நேரம் எல்லா வகுப்புக்கும் கிடைப்பதும் இல்லை. அங்கே பிளிக்கர்ஸ் உதவும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அச்சிட்ட அட்டை. அதன் நான்கு பக்கமும் நான்கு விடைகள். சரியான பக்கம் மேலே வரும்படி பிடித்தால் ஆசிரியர் தன் ஒரே போனால் வகுப்பு முழுவதையும் படம்பிடித்து விடைகளைப் பதிவு செய்யலாம். பெயர்களை நீங்கள்தான் உள்ளிடுவீர்கள், எனவே திரையில் எதுவும் ஒளிந்து வராது. அதிலும் 'சம்பாதித்த பெயர்'களை நீங்களே போட்டுக் கொடுங்கள். குறும்பு இல்லாத ஆட்டம் பாதி ஆட்டம்தான்.

லேப் கதவில் ஒட்ட

• என் பெயர் என்மேல் மட்டும் விழும்.
• என் பாட்டி முன்னால் இதைச் சொல்வேன்.
• என் எண் முன்னால் இருக்கும்.
• என் பெயர் நீக்கப்பட்டால் வேறு பெயரில் வருவேன்.
• யாராவது சிரிக்காமல் இருந்தால் நானும் நிறுத்துவேன்.

ஐந்தாவது வரி எங்கள் வகுப்பில் பிள்ளைகள் சேர்த்தது. பலகையில் அதை எழுதியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த மாணவி.